விகாரையில் ஒரு நோயாளி: துறவிகளைப் பராமரிக்க வரும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது ஆண்டுகள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது வாரத்தில் மூன்று நாள் சிங்கப்பூரில் ஒரு சிறிய விகாரைக்குப் போய், அங்குள்ள வயதான பிக்குகளுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று உதவி வருகிறேன். கூட வரும் தொண்டூழியர்களில் பாதிப்பேர் தமிழர்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து விரல் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவிட்டேன். எனக்குப் பழக்கம் இலங்கை, பர்மா, தாய்லாந்து மரபான தேரவாத விகாரைகள்தான். சீன மகாயானக் கோயில்களில் வழக்கம் வேறாக இருந்தால் அங்கங்கே சொல்கிறேன்.

நான் இந்து. வரலாமா?

வாருங்கள். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். புண்ணுக்குக் கட்டுப் போடும் கை எந்த மதம் என்று இதுவரை எந்தப் பிக்குவும் என்னைக் கேட்டதில்லை. விழுந்து வணங்க விருப்பமில்லை என்றால் வணங்க வேண்டாம். அவர்கள் ஓதும் நேரத்தில் கைப்பேசியை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

துறவிக்குக் குடும்பம் இல்லை. நோய் வந்தால் யார் பொறுப்பு?

இதற்குப் பதில் வினயத்திலேயே, அதாவது துறவிகளின் ஒழுக்க விதித் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒரு பிக்குவுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. தன் மலத்திலும் சிறுநீரிலும் புரண்டு கிடக்கிறார். தன் சீடர் ஆனந்தரோடு தங்குமிடங்களைச் சுற்றிப் பார்த்து வந்த புத்தர் அவரைக் காண்கிறார். கவனிக்க ஆள் இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் நோயாளி. ஏன் இல்லை? "நான் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைக் கவனிப்பதில்லை."

புத்தர் உபதேசம் எதையும் தொடங்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். (இப்படி நீங்கள் தூக்காதீர்கள். உங்கள் இடுப்பு போய்விடும். வழுக்கு விரிப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.) அதற்குப் பிறகுதான் சங்கத்தை, அதாவது துறவிகள் எல்லோரையும் கூட்டிச் சொல்கிறார்: உங்களுக்குத் தாயில்லை, தந்தையில்லை, நீங்களே ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

பொறுப்பு யாருக்கு என்பதற்கும் வரிசை இருக்கிறது. துறவறம் கொடுத்த உபாத்தியாயர் இருந்தால் அவர், இல்லையென்றால் ஆசிரியர், சீடர், கூடப் படித்தவர் என்று போகும். குணமாகும்வரை கவனிக்க வேண்டும். எங்கிருந்தோ தனியாக வந்து தங்கிய பிக்கு என்றால் மொத்தச் சங்கமும் பொறுப்பு. செய்யாமல் விட்டால் அது விதிமீறல். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிக்கு இறந்தால் அவருடைய பாத்திரமும் காவியும் சங்கத்துக்குச் சேரும். ஆனால் நோயில் உடனிருந்து கவனித்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்கலாம் என்று புத்தர் அனுமதித்தார். மலம் அள்ளியவர்களின் உழைப்பை அந்தக் காலத்திலேயே யாரோ கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

சரி, விதி அப்படி. சிங்கப்பூரில் நடப்பது என்ன?

இடத்துக்கு இடம் வேறு. பிரைட் ஹில் சாலையில் உள்ள கோங் மெங் சான் போல் பெரிய மடாலயத்தில் துறவிகள் நிறையப் பேர். இளையவர் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள்பலம் இருக்கும். சிக்கல் எல்லாம் சிறிய விகாரைகளில். இருப்பதே மூன்று பிக்குகள். ஒருவருக்கு 80 வயது, இன்னொருவர் வீடு வீடாகப் பிரித் எனும் காப்புச் சூத்திரங்களை ஓதப் போயிருப்பார், மூன்றாமவரின் தங்கும் அனுமதி முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். பொறுப்பு சங்கத்துடையது என்பது உண்மைதான், ஆனால் அன்று மாலை சங்கம் என்று அந்தக் கட்டடத்தில் இருப்பது நோயாளி மட்டுமே.

பெண் துறவிகளின் கதை தனி. சீனாவிலிருந்து வந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டுவேலை செய்து வாழ்ந்த ஆமாக்கள் பலர், வயதான காலத்தில் சைவ உணவு மண்டபங்கள் எனப்படும் சிறிய சீனக் கோயில்களில் தங்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதியோர் இல்லம் என்ற பெயர் இல்லாமலே அவை முதியோர் இல்லங்களாக இருந்தன. பிறகு 1969-இல் ஹோ யுவென் ஹோ என்ற பிக்குணி மான் ஃபுட் தோங் முதியோர் இல்லத்தைத் தொடங்கினார். 2006-இல் அவர் காலமானார். இல்லம் இன்று தாதிமை இல்லமாக நடக்கிறது. 1994-இல் ஒரு துறவி தொடங்கிய ரென் சியும் அப்படித்தான், எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது.

தாதிமை இல்லத்துக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் மதியத்துக்குப் பிறகு சாப்பிடாத ஒரு பிக்குவை எட்டுப் படுக்கை அறையில் சேர்த்தால், மாலை ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாட்டுத் தட்டு வரும், தொலைக்காட்சியில் நாடகம் ஓடும். சேர்க்கும் நாளிலேயே அங்குள்ள தாதியிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். யாரும் சொல்லாததால்தான் தெரிவதில்லை.

எப்படிக் கூப்பிடுவது?

இலங்கை விகாரையில் "பந்தே". பர்மியப் பெரியவர் என்றால் "சயாதோ". தாய்லாந்துப் பெரியவர் "லுவாங் போ". சீனக் கோயில்களில் ஆணோ பெண்ணோ "ஷிஃபு". ஒன்றும் நினைவில் இல்லையென்றால் "சாமி" என்று கூப்பிடுங்கள். எங்கள் பெரிய பந்தே இப்போது அதற்கும் திரும்பிப் பார்க்கிறார். அங்கிள், தாத்தா வேண்டாம். வார்டில் எல்லா முதியவரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய தாதிகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம், எனக்கும் ஒரு மாதம் பிடித்தது.

பெண் தாதி பிக்குவைத் தொடலாமா?

காம எண்ணத்தோடு பெண்ணைத் தொடுவது பிக்குவுக்குக் கடுமையான குற்றம். விதியின் மையம் அந்த எண்ணம்தான். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டுவது அதில் வராது. ஆனாலும் வழக்கத்தில் எல்லோரும் ஒதுங்கியே நடப்பார்கள். தாய்லாந்து மரபில் இன்னும் கறார். ஒரு பெண் பொருள் கொடுத்தால் கையிலிருந்து நேராக வாங்காமல் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்கச் சொல்வார்கள்.

நாங்கள் செய்வது இது. குளியல், கழிவறை, உடை மாற்றுவது ஆண் தொண்டூழியர்கள் வேலை. புண், ஊசி, சர்க்கரை சோதனை யார் வேண்டுமானாலும். தொடும் முன் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிடுவேன். கதவு திறந்தே இருக்கும், அறையில் மூன்றாமவர் ஒருவர் இருப்பார். மறைவான இடத்தில் ஒரு பெண்ணோடு தனியே இருப்பதும் அவர்களுடைய விதிகளில் வருகிறது. பிக்குணிகளுக்கு இதே ஏற்பாடு, ஆண் பெண் மட்டும் மாறும்.

இதெல்லாம் சாதாரண நாளுக்கு. தொண்டையில் உணவு சிக்கினாலோ மயங்கினாலோ யோசிக்காமல் பிடியுங்கள். விழுந்து கிடந்தால், ஆண் வரட்டும் என்று தள்ளி நிற்கவும் வேண்டாம், அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கவும் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தலையை அசையாமல் பார்த்துக்கொண்டு 995-ஐ அழையுங்கள்.

மதியத்துக்குப் பிறகு சாப்பிட மாட்டார் என்கிறார்கள். சர்க்கரை நோய் மாத்திரை?

இருப்பதில் ஆபத்தான கேள்வி இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

தேரவாத பிக்குகள் விடியலிலிருந்து நண்பகல்வரைதான் உணவு உண்பார்கள். நோயாளி என்பதற்காக அந்த விதி தளர்வதில்லை. நண்பகல் என்றால் எத்தனை மணி என்பதிலேயே நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்கு. சில விகாரைகள் கடிகாரத்தின் 12-ஐப் பின்பற்றும், சில சூரியனை. உங்கள் விகாரை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது பசியில்லாத கிழவருக்குப் பெரிய விஷயம்.

மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் மாத்திரை உறையில் "காலை, இரவு, உணவுடன்" என்று இருக்கும். மூன்று வேளை சாப்பிடும் மனிதருக்கு எழுதியது அது. இன்சுலின், கிளிபிசைட், கிளிக்ளசைட் போன்றவை உணவு இல்லாமல் போனால் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் பந்தே தியானத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக இளைய பிக்கு நினைத்திருக்கிறார். சட்டென்று தொட்டுப் பார்த்ததில் உடம்பு முழுக்கக் குளிர்ந்த வியர்வை. அன்றிலிருந்து மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் நான் சொல்லும் முதல் வாக்கியம்: "இவர் மதியத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை." நோயின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம். ரமலான் நோன்பு இருக்கும் நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிப் பழகிய மருத்துவர்கள்தான் இங்கே இருப்பவர்கள், அவர்களுக்கு இது புதிதல்ல. நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம்.

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது? அரைக் குவளைத் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதனை. விழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் விதி கெடுமா என்று பயப்பட வேண்டியதில்லை. கார்காலக் கடைசியில் வரும் நோயால் பிக்குகள் இளைத்து, வெளுத்து, நரம்பு தெரியக் கிடந்ததைப் பார்த்துத்தான் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் புத்தர் மருந்தாக அனுமதித்தார். சர்க்கரை அந்த ஐந்தாவதில் அடங்கும். மாலையிலும் கொடுக்கலாம், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 7 நாள் வைத்திருக்கலாம். மாத்திரைகளுக்கு அந்த 7 நாள் கணக்கு இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். உணவோ மருந்தோ, யாராவது எடுத்து நீட்டினால்தான் அவர் வாய்க்குள் போடுவார். தண்ணீருக்கு மட்டும் விலக்கு. மேசைமேல் மாத்திரையை வைத்துவிட்டுப் போனால் அது அங்கேயே இருக்கும்.

மகாயானக் கோயில்களில் பலர் இரவில் சாப்பிடுவார்கள். அந்த வேளைக்கு அவர்கள் வைத்திருக்கும் சீனப் பெயருக்கு "மருந்துக் கல்" என்று அர்த்தம். பசியும் ஒரு நோய், அதற்கு மருந்து எடுக்கிறோம் என்ற கணக்கு.

சாம்பார் கொண்டு வரலாமா?

தேரவாத விகாரைக்குத் தாராளமாக. அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுவார்கள், மீனும் கறியும்கூட. சீனக் கோயிலுக்கு என்றால் வெங்காயம், பூண்டு கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, விலக்க வேண்டிய ஐந்து நெடிப் பொருள்களில் பெருங்காயமும் ஒன்று என்பது. வெங்காயம் இல்லாமல் பார்த்துப் பார்த்து வைத்த சாம்பாரில் கடைசியில் காயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஷிஃபு ஏன் தொடவில்லை என்று வருத்தப்பட்டவள் நான்.

"ஒன்றும் வேண்டாம்" என்றே சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நம் வீட்டுப் பெரியவர்களும் வேண்டாம் என்பார்கள், இரண்டு தரம் வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வார்கள். துறவியின் "வேண்டாம்" வேறு வகை. அவர் வாழ்நாள் முழுவதும் கேட்காமல் இருக்கப் பயின்றவர். நல்ல உணவைத் தனக்கென்று கேட்டுப் பெறக்கூடாது, நோய் இருந்தால்தான் கேட்கலாம் என்பது விதி. உறவில்லாத ஒருவர் தாமாக அழைப்பு விடுத்திருந்தால் அவரிடம் கேட்கலாம். அந்த அழைப்புக்குப் பவாரணை என்று பெயர்.

ஆகவே "ஏதாவது வேணுமா பந்தே?" என்று வாசலில் நின்று கேட்பது வீண். உட்கார்ந்து தெளிவாகச் சொல்லுங்கள்: "பந்தே, மருந்து, கண்ணாடி, மருத்துவமனைக்குப் போக வண்டி, இவற்றில் எது தேவைப்பட்டாலும் என்னிடம் கேட்கும்படி அழைக்கிறேன்." எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சொல்லிவிடலாம். நான் இதைச் சொன்ன மறுவாரமே, ஆறு மாதமாக ஒரு பக்கப் பல்லால் மட்டும் மென்று வந்ததாக அவர் சொன்னார். ஆறு மாதம்! வாரம் மூன்று நாள் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

வலியும் அப்படித்தான். வலியைப் பொறுப்பது தவம் என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை, வினயத்தையே எடுத்துச் சொல்வேன். பராமரிக்கக் கடினமான நோயாளிக்கு ஐந்து அடையாளங்கள் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. பத்தியம் இருப்பதில்லை, அளவு தெரிவதில்லை, மருந்து சாப்பிடுவதில்லை, கவனிப்பவரிடம் நோயின் நிலையை உள்ளபடி சொல்வதில்லை, வலியைப் பொறுப்பதில்லை. பொறுமை ஒன்றுதான் பலருக்கு நினைவிருக்கிறது. உள்ளபடி சொல்வதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்று காட்டினால், சிரித்துக்கொண்டே முழங்காலைக் காட்டுவார்கள். புத்தரே முதுகு வலிக்கிறது, சற்றுப் படுக்கிறேன் என்று சொல்லி உபதேசத்தைச் சீடரிடம் விட்டதுண்டு. 80 வயதில் தன் உடம்பை, கட்டுப்போட்டு ஓட்டும் பழைய வண்டி என்றார்.

கேள்வியை மாற்றிக் கேட்பதும் உதவும். "வலிக்கிறதா?" என்றால் இல்லை என்பார். "நேற்று ராத்திரி எத்தனை தரம் எழுந்தீர்கள்?" என்றால் எண்ணைச் சொல்லிவிடுவார். தரையில் அமர்ந்து ஓதுபவர் ஒருநாள் நாற்காலி கேட்டால், பாத்திரத்தில் சோறு மிச்சமிருந்தால், காவியைச் சுற்ற வழக்கத்தைவிட நேரமானால், அதுதான் அவர் வாயால் சொல்லாத புகார்.

கவனிப்பவருக்கும் ஐந்து தகுதிகள் உண்டு: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும், ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் செய்ய வேண்டும், மலம் சிறுநீர் எச்சில் வாந்தியை அருவருக்கக் கூடாது, நேரமறிந்து நல்ல வார்த்தை பேச வேண்டும். நான் படித்த தாதிமைப் பாடத்தில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

செலவை யார் கட்டுவது?

சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் துறவிக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி உண்டு. காவி உடுத்தியதால் அது போய்விடாது. ஆனால் சம்பளம் இல்லாததால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் சேர்ந்திருக்காது. கட்ட முடியாத நிலை என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள், குடியுரிமை உள்ளவர்களுக்கு மெடிஃபண்ட் எனும் அரசு உதவி நிதி அதற்காகத்தான் இருக்கிறது. 1949 முடிவதற்குள் பிறந்து, 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர் முன்னோடித் தலைமுறை, அவருக்கு மருத்துவக் கட்டணச் சலுகை உண்டு. அட்டை எங்கே என்று கேட்டால் தெரியாது என்பார்கள். அலமாரியில் பழைய சூத்திரப் புத்தகங்களுக்கு நடுவே தேடுங்கள்.

உடற்குறைக்கான மாதாந்திர உதவிகளுக்கு ஒரு மதிப்பீடு நடக்கும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று 6 செயல்கள். கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் தொகை கிடைக்க அவற்றில் 3-ஐ உதவியின்றிச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் "நீங்களே குளிப்பீர்களா?" என்று கேட்டார். இரண்டு ஆள் பிடிக்காமல் குளியலறை வாசலைத் தாண்ட முடியாத எங்கள் பந்தே, யாருக்கும் தொல்லை வேண்டாமென்று, "முடியும்" என்றார். அந்த நேரத்தில் தினமும் குளிப்பாட்டும் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பொய் சொல்ல அல்ல, நடப்பதைச் சொல்ல.

வெளிநாட்டுத் துறவிகளுக்கு மேற்சொன்ன எதுவும் கிடையாது. மானியமில்லாத முழுக் கட்டணம். விகாரை நிர்வாகக் குழு அவர் வரும் முன்பே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். வந்து படுத்த பிறகு உண்டியலைக் குலுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், பிக்குகள் பணத்தைக் கையால் தொடுவதில்லை. மருந்துக்கான காசை அவர் கையில் திணிக்காமல் நிர்வாகியிடம் கொடுங்கள்.

கையெழுத்துப் போட வேண்டியது யார்? தலைமைப் பிக்குவா, ஊரில் இருக்கும் தம்பியா?

நல்ல நாளிலேயே தீர்த்துவைக்க வேண்டிய விஷயம். மனத்திறன் இழந்தால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம் எல்பிஏ. 21 வயதான யாரும் எழுதலாம், உறவினரைத்தான் நியமிக்க வேண்டும் என்பதில்லை, சீடரையோ நம்பிக்கையான பக்தரையோ போடலாம். அது இல்லாமல் நினைவு தப்பிவிட்டால் யாராவது நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். நாற்பது ஆண்டு கூடவே இருந்த சீடருக்கு அந்தப் பத்திரம் இல்லாமல் சட்ட அதிகாரம் கிடையாது. வயதில் மூத்தவரையே நியமிக்காதீர்கள், 82-க்கு 85 துணை என்று ஆகிவிடும்.

எந்த அளவு சிகிச்சை வேண்டும், எங்கே கடைசி நாள்களைக் கழிக்க விருப்பம் என்பதையும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதிவைக்கலாம். மரணத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் தயங்குவோம். பிக்குகளிடம் தயங்க வேண்டியதே இல்லை. தினமும் அதைத்தான் தியானிக்கிறார்கள். மிக எளிதான உரையாடல் இது.

மறதி நோய் வந்த பிக்கு மாலையில் சோறு கேட்கிறார். கொடுக்கலாமா?

வினயத்தில் கக்கர் என்ற பிக்குவின் கதை வருகிறது. அவருக்குப் புத்தி பேதலித்திருந்தது. துறவிகள் கூடி விதிகளை ஓதும் உபோசத நாளன்று சங்கம் கூடுவது சில சமயம் நினைவிருக்கும், சில சமயம் இருக்காது. அவரை விலக்கவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் செல்லும் என்று சங்கம் முறையாகத் தீர்மானம் செய்துகொண்டது. புத்தி தவறிய நிலையில் செய்ததைக் குற்றமாக எண்ணுவதில்லை என்பது பொது விதி. மறதி நோய்க்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள் எங்கள் விகாரையில். தலைமைப் பிக்குவிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு, கஞ்சி கொடுக்கிறோம். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்று திருத்துவதில்லை.

அவருக்கு என் பெயர் போய்விட்டது, விகாரையின் பெயரும் போய்விட்டது. பாலி மொழியில் ஓத ஆரம்பித்தால் ஒரு எழுத்து பிசகுவதில்லை. ஊசி போடும்போது இளைய பிக்குவை ஓதச் சொல்வேன். அவரும் சேர்ந்துகொள்வார், கை தளரும்.

கடைசி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

அதிகம் எதுவும் செய்யாதீர்கள். தேரவாதத்தில் போஜ்ஜங்கச் சூத்திரத்தை ஓதுவார்கள். சீடர் மகாகஸ்ஸபர் நோயுற்றபோது புத்தர் அதைச் சொன்னார், புத்தரே நோயுற்றபோது மகாசுந்தர் என்ற சீடரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார் என்பது மரபு. சீனக் கோயில்களில் அமிதாப புத்தரின் பெயரைத் தொடர்ந்து உச்சரிப்பார்கள். மூச்சு நின்ற பிறகும் 8 மணி நேரம் உடலைத் தொடாமல் ஓத விரும்புவார்கள். மருத்துவமனைப் படுக்கையில் அது நடப்பது கடினம், அதனால்தான் பலர் மடத்திலேயே போக விரும்புகிறார்கள். வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுக்கள் கோயிலுக்கும் வரும், முன்பே பதிவு செய்து வையுங்கள். இறந்தவரின் உறுப்புகளை எடுத்துப் பிறருக்குப் பொருத்த அனுமதிக்கும் உறுப்பு மாற்றுச் சட்டம் துறவிகளுக்கும் பொருந்தும். விலக விரும்பினால் உயிரோடு இருக்கும்போதே படிவம் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் அழ நேர்ந்தால் அறைக்கு வெளியே போய் அழுங்கள். நான் போயிருக்கிறேன்.

தானமாக என்ன கொண்டு வரலாம்?

துண்டு வேண்டாம். எங்கள் கிடங்கில் இருக்கும் துண்டுகளை விரித்தால் சிராங்கூன் சாலை முழுவதும் மூடலாம். பெரியவர்களுக்கான டயப்பர் (அளவைக் கேட்டுவிட்டு), ஈரத் துடைப்பான், தோல் வறட்சிக்குக் களிம்பு, விழுங்கச் சிரமப்படுவோருக்கான கெட்டியாக்கும் மாவு. பட்டு ரிப்பன் கட்டிய கூடையில் டயப்பரை வைத்துக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்றார் ஒரு அக்கா. ரிப்பன் இல்லாமல் கொடுங்கள் என்றேன்.

எந்த நேரத்தில் வரலாம்?

எல்லோரும் காலை பத்து, பத்தரைக்குத் தானச் சாப்பாட்டோடு வருகிறார்கள். அப்போது கூடம் நிறைய ஆள் இருக்கும், பந்தே காவியைச் சரியாக உடுத்தி உட்கார்ந்திருப்பார், பார்க்க நன்றாகவே இருப்பார். ஆள் இல்லாதது காலை ஐந்தரைக்கு, படுக்கை விரிப்பு மாற்றும் நேரத்தில். அப்புறம் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை. முதல் எம்ஆர்டி அந்த நேரத்துக்கு வராது என்று தெரியும். வண்டி வைத்திருக்கும் ஆண்கள் யாராவது செவ்வாயும் வியாழனும் வர முடியுமா? அந்த இரண்டு நாளுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.